மூன்றடி ஆழத்தில் முப்பத்தேழு டிகிரி

பதினோராம் நம்பர் கோடு மட்டும் மற்ற கோடுகளோடு சேராமல் தனியாக மேலே நின்றது.

சபிதா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை பத்து மணி. கோவில்பட்டியில் தண்டவாளத்துக்குக் கிழக்கே, தீப்பெட்டி செய்யும் ஆபீசுகளின் மருந்து வாடை எந்நேரமும் லேசாக வந்துகொண்டிருக்கும் தெருவில், மாடி வீட்டுச் சன்னலில் நனைத்த துண்டைத் தொங்கவிட்டு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பழைய கணினி. ஆனால் அவள் வேலைக்கு அது போதும். கணக்குப் போடுகிற இயந்திரம் பெங்களூரில் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருந்தது. இங்கே பிரௌசரைத் திறந்து, முகவரியை அடித்து, கடவுச்சொல்லைக் கொடுத்தால் கட்டம் கட்டமாக ஒரு வெள்ளைப் பக்கம் திறக்கும். ஒரு கட்டத்தில் நாலு வரி எழுதிப் பொத்தானை அமுக்கினால் ஓரத்தில் சின்ன நட்சத்திரக் குறி தோன்றும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சர்வர் வேலை செய்கிறது என்று அர்த்தம். குறி மறைந்ததும் கட்டத்துக்குக் கீழே படம் வந்து விழும்.

அன்று விழுந்த படத்தில் இருபத்துநாலு கோடுகள். புதூருக்குத் தெற்கே ஒரு கரிசல் புஞ்சையில் மூன்றடி ஆழத்தில் புதைத்த இருபத்துநாலு சென்சார்கள். ஒன்றாம் நம்பர் ஓடைக்கரையில். அங்கிருந்து ஒரே வரிசையாக வந்து, இருபத்துநாலாம் நம்பர் காவல்காரர் வெயிலுமுத்துவின் வீட்டுப் பின்புறம் முடியும். மழையில்லாத மாதங்களில் கரிசல் எப்படிக் காய்கிறது, எப்படி வெடிக்கிறது என்று ஒரு ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்தது. மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தச் சென்சார்கள், வயர் மேலேறிச் சேரும் ஒரு பெட்டி வழியாக அனுப்பும். அதைப் படித்து அர்த்தம் சொல்வது சபிதாவின் வேலை.

மூன்றடிக்குக் கீழே வெயில் எட்டாது. மேலே மண் கொதித்தாலும் அங்கே முப்பத்தொரு டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். இருபத்துமூன்று கோடுகளும் அப்படித்தான் கிடந்தன. பதினோராம் நம்பர் முப்பத்தாறு புள்ளி எட்டு. நேற்று நண்பகலிலும் அதேதான். இன்று விடியற்காலையிலும் அதேதான். ஈரமும் கூடியிருந்தது. அந்தப் பக்கம் மழை பெய்து நாலு மாதம் ஆகிறது.

முப்பத்தாறு புள்ளி எட்டு. அந்த எண் எங்கோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. அடுப்பில் சோறு வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் பிடிபட்டது. காய்ச்சல் இல்லாத மனுஷ உடம்பின் சூடு.

உடனே அவளுக்குக் கோபம்தான் வந்தது. போன கணக்கெடுப்பு வேலையில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே நாற்பது வீட்டு விவரத்தைக் கற்பனையாக எழுதிக் கொடுத்த ஒருவரைக் கண்டுபிடித்தவள் அவள். அதிலிருந்து ஒரு எண்ணைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கையைத்தான் முதலில் தேடுவாள். ஆடு வயரை அறுத்திருக்கும். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, வெயிலுமுத்து சென்சாரைப் பெட்டியோடு பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறார். வேறென்ன?

போன் போட்டாள்.

"அண்ணாச்சி, பதினோராம் நம்பர் பக்கம் போனீங்களா? வயரத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தாயி தொடப்போறேன்? அந்தப் பக்கம் யாரும் போகல." காற்றுச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "ஆடுகூட அங்கன போக மாட்டேங்குது. ரெண்டு நாளாப் பாக்கேன். சுத்திக்கிட்டுப் போகுது."

ஆட்டின் மேல் பழியைப் போட இடம் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு வழி இருந்தது. பிரௌசரில் அதே பக்கத்திலிருந்து சென்சாருக்கு உத்தரவும் அனுப்பலாம். பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்பதை வினாடிக்கு ஒன்று என்று மாற்றலாம். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் யாரும் செய்வதில்லை. சபிதா செய்தாள். இடுப்பில் செருகியிருந்தால் நடக்கும்போது ஆடும், வியர்க்கும்போது ஈரம் கூடும். பிடித்துவிடலாம்.

நட்சத்திரக் குறி தோன்றியது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. மறைந்தது.

சூட்டுக் கோடு அசையவில்லை. ஈரக் கோடு அசைந்தது. நடக்கிற ஆளின் அசைவு இல்லை அது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, அடியில் கொஞ்சம் நின்று, மறுபடி ஏறியது. ஒரே அளவு, ஒரே இடைவெளி. பம்புசெட்டாக இருக்குமோ என்று எண்ணினாள். நிமிஷத்துக்குப் பதினாலு தடவை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டே கிடையாது. அடுப்பில் சோற்றுத் தண்ணீர் பொங்கி வழிந்து தீயில் சொய்யென்று விழுகிற வரைக்கும் அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோதுதான் உணர்ந்தாள்: இவ்வளவு நேரமும் அந்தக் கோடு ஏறும்போது அவளும் மூச்சை இழுத்திருக்கிறாள். அது இறங்கும்போது விட்டிருக்கிறாள்.

சரி. போனை வைத்துவிட்டுப் படுத்துத் தூங்குகிறார், அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று தீர்மானித்தாள்.

மேலதிகாரி தேவஆசீர்வாதத்துக்கு அன்றே எழுதினாள். மாலையில் அவர் கூப்பிட்டார். "நேர்ல போய்ப் பாத்துருங்க சபிதா. அந்த ஆளு கைவேலன்னா நாளைக்கே நிறுத்திருவோம்."

மறுநாள் காலை பஸ்ஸில் புதூர் போய் இறங்கினாள். வெயிலுமுத்து மொபெட்டோடு நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். எதற்கு வருகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

புஞ்சையில் நிழல் என்று ஒன்று இல்லை. அறுவடை முடிந்து பருத்திமார் பிடுங்கின கட்டாந்தரை, கண் போகிற மட்டும் கறுப்பாக வெடித்துக் கிடந்தது. கை நுழைகிற வெடிப்புகள், கால் நுழைகிற வெடிப்புகள். செருப்புக்கடியில் மண்கட்டி உடையும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. தூரத்தில் அவருடைய ஆடுகள் ஒரு பெரிய வளைவு போட்டு நடந்தன. வளைவின் நடுவில் பதினோராம் நம்பர் பெட்டி நின்றது. பக்கத்தில் போகப் போக ஒரு வாடை வந்தது. முதல் மழை விழுந்த மண் வாடை. அதோடு இன்னொன்றும் கலந்திருந்தது. பால் குடித்த பிள்ளையின் வாய் வாடை.

வயர் அறுபடவில்லை. பெட்டியிலிருந்து நேராக இறங்கி வெடிப்புக்குள் போனது.

"என்னையச் சந்தேகப்படுதீங்களா தாயி?"

அவள் குனிந்து வயரையே பார்த்தாள்.

"நான் படிக்காதவன்தான். ஆனா வச்ச பொருள எடுக்குறவன் இல்ல. இந்தா, ஓங்க கண்ணு முன்னாடியே பாத்துருவோம்."

வெயிலுமுத்து வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்தார். வயரைப் பிடித்தபடி வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை. தோள். கன்னம் மண்ணில் ஒட்டியது. சபிதா போனில் பிரௌசரைத் திறந்து அதே பக்கத்துக்குள் நுழைந்தாள். ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. ஆள் கண் முன்னால் கிடக்கிறார், சென்சார் மண்ணுக்குள் இருக்கிறது, கோடு ஏறி இறங்குகிறது.

பிறகு கோடு நின்றது.

போன் சிக்னல் போயிருக்குமோ என்று பார்த்தாள். போகவில்லை. எண்கள் வினாடிக்கு ஒன்றாக வந்துகொண்டுதான் இருந்தன. எல்லாம் ஒரே எண். பத்து வினாடி. இருபது. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவன், வெளியே காலடி கேட்டதும் மூச்சை அடக்கிக்கொள்வது போல.

"கைய எடுங்க அண்ணாச்சி."

"இருங்க, தட்டுப்படுது..."

"கைய எடுங்க!"

"இருக்கு தாயி! வச்ச எடத்துலயேதான் இருக்கு." சிரித்தபடி கையை உருவினார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கருஞ்சேறு வழவழவென்று ஒட்டியிருந்தது. நாலு மாதமாக மழை காணாத மண்ணிலிருந்து. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கதகதன்னு இருக்கு... பசுவுக்குக் கன்னு எடுக்கையில கை விட்ட மாரி." பிறகு நிமிர்ந்து, "இப்ப நம்புதீங்களா?" என்றார்.

"நம்புதேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

கோடு நின்றதை அவள் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற வெட்கமே பெரிதாக இருந்தது. அதற்கு மேல், அப்போது கையை எடுக்கச் சொல்லிக் கத்தியது ஏன் என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது. அவர் கேட்கவில்லை. மொபெட்டில் திரும்பும்போது அந்தக் கையை மட்டும் வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பதினோராம் நம்பர் முப்பத்தொன்று. எல்லாக் கோடுகளோடும் சேர்ந்து படுத்துக் கிடந்தது. சபிதாவுக்கு அப்பாடா என்றிருந்தது. காபி போட்டு எடுத்துவந்து உட்கார்ந்து மறுபடி பார்த்தாள்.

பன்னிரண்டாம் நம்பர் முப்பத்தாறு புள்ளி எட்டு.

பதினோரு மணிக்குப் பன்னிரண்டாம் நம்பர் இறங்கியது, பதிமூன்றாம் நம்பர் ஏறியது. பிறகு பதினாலு. பதினைந்து. மற்ற சென்சார்களையும் வினாடிக்கு ஒன்று என்று மாற்றிவிட்டு, எது எப்போது ஏறியது என்று வரிசையாக எழுதினாள். வேகம் கூடிக்கொண்டே வந்தது. தன் கைகள் என்ன செய்கின்றன என்று முழுதாகத் தெரியாமலே ஒரு புதுக் கட்டத்தில் நாலு வரி அடித்தாள். இருபத்துநாலை எப்போது எட்டும்? பொத்தானை அமுக்கினாள். நட்சத்திரக் குறி. மறைந்தது. நாலு மணி பத்து நிமிஷம்.

அப்போது மணி மூன்று ஐம்பத்தைந்து.

வெயிலுமுத்து போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவர் மனைவி சுடலைச்செல்வி எடுத்தாள்.

"அக்கா, அண்ணாச்சி எங்க?"

"பொறவாசல்ல கட்டில்ல படுத்திருக்காவ. கை நமைக்குது நமைக்குதுன்னு ராத்திரி பூரா தூங்கல. இப்பத்தான் அசந்தாவ."

"எழுப்புங்க. உடனே எழுப்புங்க. ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"என்ன தாயி, எதுக்கு..."

"போங்கக்கா!"

செருப்புச் சத்தம். கோழி ஒன்று கொக்கரித்து விலகியது. கதவுத் தாழ்ப்பாள். பிறகு எதுவும் இல்லை. சபிதா திரையைப் பார்த்தாள். இருபத்துநாலு ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்துமூன்று. முப்பத்தைந்து. நாலு மணி ஆகிறதுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. கணக்கு தப்பு. அது நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டது.

"தாயி..." சுடலைச்செல்வியின் குரல் தாழ்ந்திருந்தது. "கட்டில் கெடக்கு. நாலு காலும் மண்ணுக்குள்ள எறங்கியிருக்கு. அவியளக் காணல."

ஈரக் கோடு ஏறி இறங்கியது. நிதானமாக. அதன் மேலேயே இன்னொரு அசைவு. படபடவென்று. வெட்டி வெட்டி. நிமிஷத்துக்கு அறுபது. அறுபத்தைந்து. சபிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பது. நாற்பது. இருபது. சரியாக நாலு பத்துக்கு இரண்டும் சேர்ந்தே ஏறின. சேர்ந்தே இறங்கின.

விளாத்திகுளத்திலிருந்து போலீஸ் வந்தது. மண் தோண்டும் இயந்திரம் வந்தது. வீட்டுப் பின்புறத்தை, அடியில் சுக்காம்பாறை என்கிற கெட்டிப் பாறை தட்டுகிற வரை, பன்னிரண்டடி தோண்டினார்கள். காய்ந்த கரிசல்தான் வந்தது. திருப்பூர், கோயம்புத்தூர் என்று சொல்லாமல் கொள்ளாமல் பிழைக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர். போலீஸ் அப்படித்தான் எழுதிக்கொண்டது. சபிதா சொன்னதைத் தேவஆசீர்வாதம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கருவி கெட்டுப்போச்சு சபிதா. நீங்க கொஞ்சம் ஓய்வு எடுங்க. முப்பதாம் தேதி சாயங்காலம் சர்வரை மூடிருவோம்" என்றார்.

சூடு வந்த வழியே திரும்பிப் பதினோராம் நம்பருக்குப் போய்விட்டது. அங்கே இரண்டு பேருடைய மூச்சும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் சுடலைச்செல்வி மாடிப்படி ஏறி வந்தாள். அழவில்லை. "போன்ல நீங்க எதையோ பாத்துக்கிட்டே பேசுனீங்க. அத எனக்கும் காட்டுங்க" என்றாள். சபிதாவால் மறுக்க முடியவில்லை. வெயிலுமுத்துவைப் படுத்து மண்ணுக்குள் கைவிட வைத்தது தன் சந்தேகம்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவரிடம் சொல்லாமல் விட்ட வார்த்தையும் தெரியும். பிரௌசரைத் திறந்து, கலந்து கிடந்த இரண்டு அசைவையும் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் காட்டினாள்.

"இது எது?"

"முதல்ல இருந்தது."

"இது?"

சுடலைச்செல்வி விரலை இரண்டாம் கோட்டின் மேல் வைத்தாள். அது ஏறும்போது விரலும் ஏறியது. வெகுநேரம் கழித்து, "அவியதான்" என்றாள். "படுத்தா இப்படித்தான். இழுத்து, கொஞ்சம் நிப்பாட்டி விடுவாவ."

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு வந்தாள். பஸ் ஏறி வந்து, ஒரு மணி நேரம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, திரும்பிப் போவாள். சில நாள் லேசாகச் சிரிப்பாள். ஒருநாள் கேட்டாள்: "இந்தப் பொட்டி வழியா நாம சொல்லுறது உள்ள கேக்குமா?"

"கேக்காதுக்கா. அங்க இருந்துதான் இங்க வரும்."

"அப்படியா" என்றாள். ஏமாந்த மாதிரி தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி சபிதா சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "நாளையோட இதை மூடிருவாங்கக்கா. இனிமே பாக்க முடியாது."

சுடலைச்செல்வி சேலை முந்தானையால் திரையைத் தூசு துடைப்பது போலத் துடைத்துவிட்டு எழுந்தாள். "அப்ப சரி தாயி" என்றாள்.

முப்பதாம் தேதி நாலு மணிக்கு அவள் வரவில்லை. நாலேகால். நாலரை. சபிதா மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தாள். வெயில் மட்டும் நின்றது. உள்ளே வந்து பக்கத்தைத் திறந்தாள்.

நட்சத்திரக் குறி. நெடுநேரம்.

மூன்று மூச்சுகள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். எட்டயபுரம் தாண்டி, புதூர் தாண்டி எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. வண்டியை ரோட்டோரம் சாய்த்துவிட்டு புஞ்சைக்குள் ஓடினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆடு இல்லை. ஆள் இல்லை. பதினோராம் நம்பர் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு செருப்புகள். ஒழுங்காக, சேர்த்து வைத்த செருப்புகள்.

நாலா பக்கமும் வெடித்த மண். அந்த இடத்தில் மட்டும், ஒரு கட்டில் அகலத்துக்கு, வெடிப்பு இல்லை. கறுப்பாக, மினுமினுப்பாக, ஈரமாக மூடியிருந்தது. மழை பெய்து மூடின மாதிரி. அந்த வாடை. அதன் நடுவில் ஒரு கை. மணிக்கட்டு வரை வெளியே. பச்சைக் கண்ணாடி வளையல். உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்திருந்தது.

"அக்கா!"

முழங்காலிட்டாள். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பற்றினாள். சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிறாள். இழுத்தாள். மண் விடவில்லை. இன்னும் இழுத்தாள். வளையல் உடைந்தது.

அந்தக் கை மெல்ல மூடியது. அவள் விரல்களைப் பிடித்தது. பதற்றம் இல்லாத பிடி. தெரிந்தவர் வீட்டு வாசலில் நிற்கும்போது உள்ளே வா என்று கூட்டிப்போகிற பிடி.

சபிதா கத்தினாள். அந்தப் பிடி விடவில்லை. மண்ணுக்குள்ளிருந்து, அந்த மணிக்கட்டை ஒட்டி, இன்னொரு கை வந்தது. ஆண் கை. முழங்கை வரை வழவழவென்று சேறு. அது அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று மண்ணை ஒதுக்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. அதற்கு விரல்கள் அதிகமாக இருந்தன.